ஏழு மாதம் பூட்டிக் கிடந்த கதவு: இலங்கைக் கால்பந்துச் சம்மேளனமும் நம் ஊர்க் கழகங்களும்



விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஆடுகிறவர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். ஆட்டத்தை நடத்துகிற சங்கங்களைப் பற்றித்தான் மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு பையனுக்கு எவ்வளவுதான் கால் வேகம் இருந்தாலும், அவன் ஆட வேண்டிய போட்டியை ஒரு சங்கம் நடத்தியாக வேண்டும். அந்தச் சங்கம் கெட்டால் அவன் இளமை வீணாகும். ஆகவே இன்றைய சொற்பொழிவுக்கு ஒரு சிறிய நாட்டின் கால்பந்துச் சங்கத்தை எடுத்துக்கொண்டேன். அந்த நாடு இலங்கை.

மாரண்டஹள்ளியில் உட்கார்ந்துகொண்டு கொழும்புக் கதை எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சத்துக்கு மேல் மக்கள். மாலத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சம். பூட்டானில் 8 லட்சம்கூட இல்லை. கரீபியன் கடலில் மாண்ட்செராட் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் சுமார் 5,000 பேர், நம் பேரூராட்சியை விடக் குறைவு. இவை மூன்றுக்கும் தேசியக் கால்பந்துச் சங்கம் இருக்கிறது, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் உறுப்பினர் இடம் இருக்கிறது, ஒரு வாக்கும் இருக்கிறது. நம் மாவட்ட அளவுகூட இல்லாத நாடுகள் ஒரு சங்கத்தை வைத்துக்கொண்டு என்ன சாதிக்கின்றன, எங்கே தவறுகின்றன என்பது நமக்கு நேரடிப் பாடம்.

இரண்டாவது காரணம், நம் ரயில் பாதை. இங்கிருந்து இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போனால் பெங்களூரு. அங்கே ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் 2023 ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை தெற்காசியக் கால்பந்துச் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு என்று அண்டை நாடுகள் வந்தன. எட்டு அணிகள் வேண்டும் என்பதற்காகக் குவைத்தையும் லெபனானையும் விருந்தாளிகளாக அழைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் இந்தியா பெனால்டி முறையில் குவைத்தை வென்றது. தெற்காசியப் போட்டிக்கு மேற்காசியாவிலிருந்து ஆள் அழைக்கும் நிலையில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கை மட்டும் வரவில்லை. அந்த அணி எங்கும் தோற்று வெளியேறவில்லை. அதன் சங்கத்துக்கு ஃபிஃபா தடை விதித்திருந்தது. நம் வீட்டுப் பக்கத்தில் நடந்த அந்தத் திருவிழாவில் ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போனது எப்படி என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

தேசியச் சங்கம் என்றால் தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழு என்று பலர் நினைக்கிறோம். அது அந்தச் சங்கத்தின் வேலையில் சிறு பங்குதான். ஆட்டக்காரர் எந்தக் கழகத்தில் பதிவாகியிருக்கிறார், அவருடைய பிறந்த தேதி உண்மையா, ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற அனுமதி உண்டா, நடுவருக்குப் பயிற்சி கொடுத்தது யார், பயிற்சியாளரிடம் உரிமம் இருக்கிறதா, மாவட்ட லீக் எந்த மாதம் தொடங்கும், அடிபட்ட பிள்ளைக்குக் காப்பீடு உண்டா, சிவப்பு அட்டை வாங்கியவருக்கு எத்தனை ஆட்டம் தடை என்பதெல்லாம் அதன் பொறுப்பு. இது பதிவேட்டு வேலை. கைதட்டல் கிடைக்காது. ஆனால் இந்தப் பதிவேடு ஒழுங்காக இருக்கும் நாட்டில்தான் கால்பந்து வளரும்.

இதற்குப் பணமும் வருகிறது. 2016இல் ஃபிஃபா ‘ஃபார்வர்டு’ என்ற வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2023 முதல் 2026 வரையிலான நான்காண்டுக்கு ஒவ்வொரு உறுப்புச் சங்கமும் 80 லட்சம் டாலர் வரை பெறலாம். அதில் 50 லட்சம் அன்றாட நிர்வாகத்துக்கு, 30 லட்சம் மைதானம், பயிற்சி மையம் போன்ற திட்டங்களுக்கு. பிரேசிலுக்கும் இதே உச்சவரம்பு, பூட்டானுக்கும் இதே உச்சவரம்பு. பெரிய நாட்டுச் சங்கத்துக்கு இது சில்லறை. சின்ன நாட்டுச் சங்கத்துக்கோ இதுவே வாழ்வாதாரம். டிக்கெட் விற்றும் தொலைக்காட்சி உரிமை விற்றும் இவ்வளவு பணத்தை அதனால் திரட்ட முடியாது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தன் நாட்டு ரசிகர்களிடமிருந்தும் கழகங்களிடமிருந்தும் வருமானம் வராத ஒரு சங்கம், யாருக்குப் பதில் சொல்லும்? பணம் தருகிறவர்களுக்கு. தேர்தலில் வாக்களிக்கிறவர்களுக்கு. ஆடுகிறவர்கள் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள்.

ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள். தலைவர் தேர்தலில் ஜெர்மனிக்கும் ஒரு வாக்கு, மாண்ட்செராட்டுக்கும் ஒரு வாக்கு. இந்த ஏற்பாடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பெரியவர்கள் சிறியவர்களை நசுக்காமல் காப்பது இதுதான். ஆனால் வாக்கு சமமாக இருந்து வருமானம் சமமில்லாமல் இருக்கும் இடத்தில் வாக்குக்கு விலை பேச ஆள் வருவார்கள் என்பதும் உண்மை. 2011 மே மாதம் டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் கரீபியன் நாட்டுச் சங்கப் பிரதிநிதிகள் கூடினார்கள். ஃபிஃபா தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கத்தாரின் முகமது பின் ஹம்மாம் அங்கே வாக்குக் கேட்டுப் பேசினார். அதன் பிறகு பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு 40,000 டாலர் வைத்த உறைகள் கொடுக்கப்பட்டன. ஒரு சிலர் அதை வெளியே சொன்னதால் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த உறைக்குள் இருந்தது ஒரு தீவுச் சிறுவனின் மைதானம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் ஃபிஃபாவின் செயற்குழுவில் இலங்கையைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். பெயர் மணிலால் பெர்னாண்டோ. இலங்கைக் கால்பந்தின் தலைமையில் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்தவர். 2011இல் ஃபிஃபா செயற்குழுவுக்குத் தேர்வானார். 2013 ஏப்ரலில் நன்னெறி விதிகளை மீறியதற்காக ஃபிஃபா அவருக்கு எட்டாண்டுத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அது வாழ்நாள் தடையாக உயர்த்தப்பட்டது. ஒரு சிறிய நாட்டின் பிரதிநிதி உலகக் கால்பந்தின் உச்ச அவை வரை போவது சாதாரணச் சாதனை இல்லை. அந்த உயரத்தால் கொழும்பில் ஒரு தெருப் பையனுக்கு என்ன கிடைத்தது என்று தேடினால் நெஞ்சு கனக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். அன்றைய சிலோன் கால்பந்துச் சங்கம் 1939இல் உருவானது. 1952இல் ஃபிஃபாவில் சேர்ந்தது, 1954இல் ஆசியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. நமது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் சிம்லாவில் 1937இல் தொடங்கி 1948இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. கிட்டத்தட்ட ஒரே வயதுடைய இரண்டு சங்கங்கள். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இலங்கை கூடுதல் நேரத்தில் ஒரு கோல் அடித்து இந்தியாவை வீழ்த்திக் கோப்பையை வென்றது. 1998 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 122ஆம் இடம் வரை ஏறியது. அந்த நாட்டின் வரலாற்றில் அதுவே உச்சம். 1996இல் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணிதான் நாட்டின் முழுக் கவனத்தையும் எடுத்துக்கொண்டது என்பார்கள். கிரிக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கால்பந்து அங்கே மீனவக் கிராமங்களிலும் கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளிலும் வடக்கு கிழக்கின் ஊர்களிலும் அப்படியே உயிரோடு இருந்தது. ஆடுவதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை.

ஆனாலும் அணி இறங்கிக்கொண்டே போனது. 2015 மார்ச் 12 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பூட்டான் கொழும்புக்கு வந்தது. அப்போது பூட்டான் தரவரிசையில் உலகிலேயே கடைசி, 209ஆம் இடம். அந்த அணி கொழும்பில் 1-0 என வென்றது. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் 2-1 என மறுபடியும் வென்றது. 2022இல் இலங்கை 207ஆம் இடத்தில் நின்றது. 122இலிருந்து 207. இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் சொல்லலாம். போர் உண்டு, வறுமை உண்டு, மைதானப் பற்றாக்குறை உண்டு. நான் முதலிடம் கொடுப்பது சங்கத்தின் தேர்தல் முறைக்கு.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இலங்கையில் ஊர்க் கழகங்கள் சேர்ந்து ஒரு லீக். யாழ்ப்பாணம் லீக், மன்னார் லீக் என்று நாடு முழுவதும் லீக்குகள் பல. இந்த லீக்குகளின் பிரதிநிதிகள் வாக்களித்துத்தான் சம்மேளனத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல ஜனநாயகம் இருக்க முடியாது. நடைமுறையில், தலைமைக்கு வர விரும்புகிறவருக்கு ஒவ்வொரு லீக்கும் ஒரு வாக்காகத் தெரிகிறது. அங்கே எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள், சீசன் முழுக்க ஆட்டம் நடந்ததா, பெண்கள் அணி உண்டா என்ற கேள்விகளுக்கு வாக்குச் சீட்டில் இடமில்லை. வருடம் முழுக்கப் போட்டி நடத்தும் லீக்குக்கும் தேர்தல் மாதத்தில் மட்டும் விழிக்கும் லீக்குக்கும் ஒரே மதிப்பு. இந்த இடத்தில்தான் நோய் பிடிக்கிறது. இந்தியாவின் மாநில, மாவட்டச் சங்கங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த வர்ணனை புதிதாக இருக்காது.

இன்னொரு பக்கம் அரசு. இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குப் பெரிய அதிகாரம் தருகிறது. வெளிநாடு செல்லும் தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். சங்கத்தில் கோளாறு என்றால் அமைச்சர் தலையிடலாம். ஃபிஃபாவின் விதி இதற்கு நேர் எதிரானது. உறுப்புச் சங்கம் தன் காரியங்களைத் தானே நடத்த வேண்டும், மூன்றாம் தரப்பு தலையிடக் கூடாது, தலையிட்டால் தடை. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில்தான் அந்த நாட்டின் ஆட்டக்காரர்கள் நின்றார்கள்.

2021 ஜூனில் ஜஸ்வர் உமர் தலைவராகத் தேர்வானார். ஒன்றரை ஆண்டில் விளையாட்டு அமைச்சகத்துக்கும் சம்மேளனத்துக்கும் மோதல் முற்றியது. 2023 ஜனவரி 14 அன்று ஒரு தேர்தல் நடந்தது. சக்தி தொலைக்காட்சியின் ‘மின்னல்’ நிகழ்ச்சியால் தமிழ் மக்கள் அறிந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெ. ஸ்ரீரங்கா தலைவராகத் தேர்வானார். ஃபிஃபா அதை ஏற்கவில்லை. ஒரு வாரத்தில், ஜனவரி 21 அன்று, இலங்கைச் சம்மேளனத்தை மறு அறிவிப்பு வரும்வரை இடைநீக்கம் செய்தது. தேசிய அணியோ கழக அணியோ எந்தச் சர்வதேசப் போட்டியிலும் ஆடக் கூடாது. ஃபிஃபா, ஆசியக் கூட்டமைப்பு நடத்தும் பயிற்சி வகுப்புகளில் பங்கேற்க முடியாது. வளர்ச்சி நிதி நின்றது. ஆகஸ்ட் 27 வரை, ஏழு மாதம், கதவு பூட்டிக் கிடந்தது. செப்டம்பர் 29 அன்று மறுபடி தேர்தல் நடந்து ஜஸ்வர் உமரே திரும்ப வந்தார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. இந்த ஏழு மாதத்தில் எந்த நிர்வாகியாவது எதையாவது இழந்தாரா என்று மட்டும் கேட்கிறேன். பெங்களூருக்கு வர முடியாமல் போனது இருபத்து மூன்று ஆட்டக்காரர்கள். சர்வதேச ஆட்டம் என்பது அந்த நாட்டு வீரருக்கு ஆண்டுக்குச் சில முறை மட்டும் வருவது. வெளிநாட்டுக் கழகம் ஒன்று அவரைப் பார்த்து ஒப்பந்தம் தருவதற்கு அதுதான் வாய்ப்பு. இருபத்தாறு வயதில் ஒரு போட்டியை இழந்தவருக்கு அடுத்தது வரும்போது இருபத்தெட்டு. தடை நீங்கி ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், அக்டோபர் 12 அன்று சவூதி அரேபியாவில் ஏமன் அணியோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். 3-0 எனத் தோற்றார்கள். 17ஆம் தேதி கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 1-1 எனச் சமன் செய்தார்கள். உலகக் கோப்பை வாய்ப்பு அத்தோடு முடிந்தது. ஒழுங்கான தயாரிப்பு இருந்திருந்தால் முதல் ஆட்டமும் இரண்டாவதைப் போல இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வடக்கைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தின் துரையப்பா மைதானம், 1975இல் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. 1999இல் அங்கே வேலைக்காகத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. பிள்ளைகள் பந்து உதைக்க வேண்டிய மண்ணுக்குள் யாரோ பெற்ற பிள்ளைகள் புதைந்து கிடந்தார்கள். அந்த மைதானத்தை இந்திய அரசு தன் செலவில் புதுப்பித்துத் தந்தது. 2016 ஜூன் 18 அன்று பிரதமர் மோடி தில்லியிலிருந்து காணொலி வழியாகவும் அன்றைய அதிபர் சிறிசேனா நேரிலும் அதைத் திறந்துவைத்தார்கள். போர்க் காலத்திலும் அந்தப் பகுதியில் கால்பந்து நிற்கவில்லை. கழகங்கள் ஊர்ப் பெயரோடும் கோயில் பெயரோடும் புனிதர் பெயரோடும் தொடர்ந்து நடந்தன. போர் முடிந்த பிறகு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தேசிய அணிக்கு ஆட்கள் போனார்கள். இவ்வளவு தாங்கிய ஒரு ஆட்டத்தை அலுவலகச் சண்டை ஒன்று ஏழு மாதம் நிறுத்திவைத்தது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இலங்கையைப் பார்த்து நாம் தலையசைத்துவிட்டுப் போக முடியாது. இலங்கைக்குத் தடை வருவதற்கு ஐந்து மாதம் முன்னால் இதே தண்டனை நமக்கும் கிடைத்தது. அகில இந்தியச் சம்மேளனத்தின் தலைவர் பிரஃபுல் படேலின் பன்னிரண்டு ஆண்டுப் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லித் தேர்தல் நடத்தவில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விலக்கி மூவர் நிர்வாகக் குழுவை அமைத்தது. நீதிபதி ஏ.ஆர். தவே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷி, முன்னாள் வீரர் பாஸ்கர் கங்குலி. மதிப்புக்குரியவர்கள்தான். ஆனாலும் ஃபிஃபாவின் பார்வையில் அது மூன்றாம் தரப்பு. ஆகஸ்ட் 15 தேதியிட்டு, அதாவது நாம் 75 ஆண்டுச் சுதந்திரத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், இந்தியா இடைநீக்கம் செய்யப்பட்டது. அக்டோபரில் இங்கே நடக்க வேண்டிய 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையே கைநழுவும் நிலை.

அந்த நேரத்தில் கோகுலம் கேரளா கழகத்தின் பெண்கள் அணி உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் இறங்கியிருந்தது. ஆசியப் பெண்கள் கழகப் போட்டிக்காகப் போயிருந்தார்கள். அந்தத் தகுதி சும்மா வந்ததல்ல. மூன்று மாதம் முன்பு இந்தியப் பெண்கள் லீக்கின் முடிவை நிர்ணயித்த ஆட்டத்தில் நம் மதுரையின் சேது எஃப்.சி.யை 3-1 என வென்று சாம்பியன் ஆனவர்கள் அவர்கள். ஆகஸ்ட் 23 அன்று முதல் ஆட்டம். விமானம் ஏறும்போது ஆட உரிமை இருந்தது, இறங்கிய பிறகு இல்லை. ஹோட்டலில் உட்கார்ந்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. அதற்குள் அவர்களுடைய வாய்ப்பு போய்விட்டது. பெண் பிள்ளைகளை விளையாட அனுப்புவதற்கு ஒரு குடும்பம் இந்த நாட்டில் எவ்வளவு பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். அதையெல்லாம் தாண்டி ஆசியப் போட்டி வரை போன பெண்களுக்கு, தாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத நிர்வாகிகளின் பதவி விவகாரம் குறுக்கே வந்தது.

ஃபிஃபாவின் சுயாட்சி விதியைப் பற்றி என் கருத்தைத் திறந்து சொல்லிவிடுகிறேன். அமைச்சர்கள் அணியைத் தேர்வு செய்யும் நிலை வரக் கூடாது. அதற்கு அந்த விதி அவசியம். ஆனால் பதவிக்காலம் முடிந்தும் நாற்காலியை விடாதவர்களுக்கும் கணக்குக் காட்டாதவர்களுக்கும் அதே விதி கேடயமாகிறது. நீதிமன்றத்துக்குப் போனால் தடை வரும் என்று மிரட்டியே பல சங்கங்களில் காலம் ஓட்டியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசியச் சங்கங்களின் செயற்குழுவில் சிறந்த விளையாட்டு வீரர்களும் பெண்களும் இருக்க வேண்டும் என்றும், தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் என்றும் அது சொல்கிறது. நல்ல திசை. ஆனாலும் தில்லியிலிருந்து கீழே வரும் சீர்திருத்தம் மாவட்ட எல்லையில் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம். கீழே கழகங்கள் விழித்திருந்தால் மேலே யாரும் நாற்காலியில் ஒட்டிக்கொள்ள முடியாது. கழகங்கள்தான் லீக், லீக்குகள்தான் வாக்கு.

சின்ன நாடு என்பதால் சின்னதாகத்தான் ஆட முடியும் என்று எண்ண வேண்டாம். 5 லட்சம் மக்கள் உள்ள மாலத்தீவு 2008இலும் 2018இலும் தெற்காசியக் கோப்பையை வென்றது, இரண்டு முறையும் இறுதியில் தோற்றது 140 கோடி மக்களின் இந்தியா. அன்று மூன்றேகால் லட்சம் பேர் வாழ்ந்த ஐஸ்லாந்து 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியது, இரண்டு ஆண்டில் உலகக் கோப்பைக்குள் போனது. பனி கொட்டும் அந்த நாட்டில் அவர்கள் செய்தது உள்ளரங்க மைதானங்கள் கட்டியதும், ஆறு வயதுக் குழந்தைக்குக்கூட உரிமம் பெற்ற பயிற்சியாளர் என்று முடிவெடுத்ததும்தான். 2025 நவம்பரில், சுமார் ஒன்றரை லட்சம் மக்களே உள்ள குராசோ 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உலகக் கோப்பை வரலாற்றில் அதற்கு முன் இவ்வளவு சிறிய நாடு ஆடியதில்லை. நம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அது. அதன் வீரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து அங்கே பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலங்கையும் இப்போது அந்த வழியில் போகிறது. 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டி முறையில் வென்று ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. 2025 ஜூனில் கொழும்பில் சீன தைபேயை 3-1 என வென்றது. இந்த அணியில் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், ஜெர்மனியில் வளர்ந்த பரத் சுரேஷ் என்ற பெயர்களைப் பாருங்கள். போரால் எந்த நாட்டை விட்டு அவர்களுடைய பெற்றோர் தலைமுறை போனதோ, அந்த நாட்டின் சட்டையை அணிந்து அவர்கள் ஆடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் சுவீடனின் ஊர்க் கழகமும் ஜெர்மனியின் ஊர்க் கழகமும் உருவாக்கியவர்களைக் கொண்டு வருவது இன்றைய தேவைக்கு உதவும். மன்னாரில் இன்று பத்து வயதாகும் பையனை உருவாக்கப் போவது மன்னார் லீக்தான். அந்த லீக் நடக்கிறதா என்பதில்தான் சம்மேளனத்தின் மதிப்பு இருக்கிறது.

இனி நம் ஊர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன் பட்டம் வென்றார்கள். கடலூர் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். தருமபுரியில் பிறந்த பிள்ளைக்கும் அதே கால்கள்தான். மாலையில் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளை நீங்களும் பார்க்கிறீர்கள். நம்மிடம் குறைவது பதிவேடு. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கோப்பை வைத்து ஆடுகிறோம். பரிசு கொடுத்தவர் பெயர் பலகையில் இருக்கிறது, ஆடியவர் பெயர் எங்கும் பதிவாவதில்லை. பதிவில்லாத ஆட்டக்காரர் எவ்வளவு கோல் போட்டாலும் மாநிலத் தேர்வாளரின் கண்ணுக்கு அவர் இல்லாதவர். அகில இந்தியச் சம்மேளனம் கணினி வழியாக மையப் பதிவு முறை வைத்திருக்கிறது. கழகம் மூலமாகப் பிறப்புச் சான்றிதழும் புகைப்படமும் கொடுத்துப் பதிந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு எண் கிடைக்கும். நாட்டின் எந்தப் போட்டிக்குப் போனாலும் அந்த எண் கூடவே வரும். சிறு குழந்தைகளுக்கென்று தனி லீக் திட்டமும் உண்டு. ஊரில் யார் வேண்டுமானாலும் பொறுப்பெடுத்து நடத்தலாம்.

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். மாரண்டஹள்ளியில் அப்படி ஒரு கழகம் பதிவாகட்டும், பாலக்கோட்டில் ஒன்று, பஞ்சப்பள்ளியில் ஒன்று. பெண் பிள்ளைகளுக்கும் முதல் நாளிலிருந்தே அணி இருக்கட்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை எல்லோர் முன்னும் வாசியுங்கள். மாவட்டச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். அங்கே தேர்தல் வரும்போது, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கடந்த ஆண்டு எத்தனை லீக் ஆட்டம் நடந்தது, எத்தனை நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது, பணம் எங்கே போனது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அவருக்கு வாக்குப் போடாதீர்கள். வரும் கோடை விடுமுறைக்குள் முதல் கழகத்தின் பதிவு விண்ணப்பம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதை எழுதும் ஏழு பேர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். உட்கார்ந்து பெயர்களை எழுதலாம்.